முறை சொல்லி அழைத்தல்



ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று ஒரு சொல் உண்டு. தந்தையின் தமையனும் அங்கிள், தந்தையின் தம்பியும் அங்கிள், தாயின் சகோதரனும் அங்கிள், தந்தையின் சகோதரியை மணந்தவரும் அங்கிள். நாமோ பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று பிரித்து அழைக்கிறோம். இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி, நமது மொழியின் வளத்தையும் பண்பாட்டின் உயர்வையும் மெச்சிக்கொள்வது நம் மேடைகளில் வழமையாகிவிட்டது. பட்டிமன்றத்தில் கைதட்டல் பெறுவதற்கு இதைவிட இலகுவான வழி வேறில்லை.

ஆனால், சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு சமூகத்தின் பாசத்தை அளந்துவிட முடியாது. உறவுச் சொல் ஒன்றைக் கேட்கும்போது நாம் எழுப்பவேண்டிய வினாக்கள் வேறு. அச்சொல் யாரை யாரோடு சேர்க்கிறது? யாரை யாரிடமிருந்து பிரிக்கிறது? அந்தச் சேர்க்கையினாலும் பிரிவினாலும் யாருக்கு என்ன கடமை பிறக்கிறது? தமிழில் இவை மூன்றையும் அடக்கிய ஒரு சொல் இருக்கிறது. அதுதான் 'முறை'. "நீ எனக்கு என்ன முறை?" என்று கிராமத்து மூதாட்டி கேட்கும்போது அது உறவைக் குறிக்கிறது. முறை செய்தான் மன்னன் என்னும்போது அது நீதியைக் குறிக்கிறது. பொலிஸ் நிலையத்தில் நாம் பதிவதும் முறைப்பாடுதான். உறவும் ஒழுங்கும் உரிமையும் ஒரே சொல்லுக்குள் இருப்பது தற்செயல் அல்ல. ஒருவரை முறை சொல்லி அழைப்பது ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிடுவதற்கு ஒப்பானது. அந்த உடன்படிக்கையைப் பிழையாக வாசித்தவர்களின் கதையையும், சரியாக வாசிக்க முயன்ற ஒருவரின் கதையையும் இன்று நோக்குவோம்.

பிரிக்கும் கோடு எங்கே?

முதலில் 'அங்கிள்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இதன் வேர் 'அவுங்குலுஸ்' என்ற இலத்தீன் சொல். பண்டைய உரோமரிடையே அது தாயின் சகோதரனை மட்டுமே குறித்தது. தந்தையின் சகோதரனுக்குப் 'பத்ருவுஸ்' என்று வேறு சொல் இருந்தது. அவ்வாறே தந்தையின் சகோதரி 'அமித்தா', தாயின் சகோதரி 'மாத்தெர்தெரா'. அமித்தாவிலிருந்து வந்ததுதான் இன்றைய 'ஆன்ட்'. பழைய ஆங்கிலத்திலும் தந்தையின் சகோதரனுக்கும் தாயின் சகோதரனுக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. பிற்காலத்தில் தந்தைவழியும் தாய்வழியும் சொத்திலும் சம்பந்தத்திலும் ஏறத்தாழச் சமமாகக் கருதப்பட்டபோது, அவ்வேறுபாடு தேய்ந்து போயிற்று. ஆகவே ஆங்கிலம் பிறவியிலேயே ஏழை அல்ல. அதற்கு அந்தக் கோடு தேவையற்றதாகிவிட்டது.

சீன மொழியைப் பாருங்கள். உறவுச் சொற்களின் தொகையில் அது நம்மையும் விஞ்சும். தந்தையின் தமையனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், தாயின் சகோதரனுக்கு ஒரு சொல். ஆனால் அங்கே கோடு விழும் இடம் வேறு. தந்தையின் சகோதரனுடைய பிள்ளைகள் 'தாங்' எனப்படுவர். தாங் என்றால் மண்டபம். ஒரே மண்டபத்துக்கு உரியவர்கள் என்பது பொருள். தந்தையின் சகோதரியின் பிள்ளைகள், தாயின் சகோதரனின் பிள்ளைகள், தாயின் சகோதரியின் பிள்ளைகள் ஆகிய அனைவரும் 'பியாவ்', அதாவது வெளியில் உள்ளவர்கள். நமக்கோ பெரியம்மாவின் மகன் அண்ணன். அவனை வெளியாள் என்று ஒருபோதும் சொல்லமாட்டோம். மாமாவின் மகன்தான் மச்சான். சீனர் தந்தையின் மண்டபத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். நாம் வேறிடத்தில் வேலி போட்டோம்.

அந்த வேலியைப் பற்றி உலகத்துக்கு விரிவாக எடுத்துச் சொன்னவர் தமிழர் அல்லர். தமிழ்நாட்டையோ இலங்கையையோ கண்ணால் காணாத ஓர் அமெரிக்கச் சட்டத்தரணி.

பாலமாகக் கிடந்தவர்

லூயிஸ் ஹென்றி மோர்கன் 1818 இல் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்து றொச்செஸ்டர் நகரில் தொழில் நடத்தினார். இளமையில் நண்பர்களுடன் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, அதற்கு அப்பகுதியின் ஆதிக் குடிகளான இரொக்குவா மக்களின் பெயரைச் சூட்டினார். பொழுதுபோக்காகத் தொடங்கிய அது, 1844 இல் அல்பனி நகரத்துப் புத்தகக் கடை ஒன்றில் நேர்ந்த சந்திப்பால் வாழ்நாட் பணியாக மாறியது. அங்கு அவர் சந்தித்தவர் ஈலி பார்க்கர் என்னும் பதின்ம வயது இளைஞர். இரொக்குவா கூட்டமைப்பின் ஒரு பிரிவினரான செனெக்கா இனத்தைச் சேர்ந்தவர். பெரியோர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக நகரத்துக்கு வந்திருந்தார். செனெக்கா மக்கள் அப்போது தமது நிலத்தைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்தனர். மோர்கன் அவர்களுக்காக மனுக்கள் சேகரித்து வாஷிங்டன் வரை சென்றார். அதற்கு நன்றியாக அம்மக்கள் அவரைத் தமது பருந்துக் குலத்தில் ஒருவராகச் சுவீகரித்து, இரு தரப்புக்கும் இடையே பாலமாகக் கிடப்பவர் என்ற கருத்துடைய பெயரொன்றையும் வழங்கினர்.

குலத்தில் சேர்க்கப்பட்ட பின்னரே மோர்கன் ஒரு விடயத்தைக் கூர்ந்து அவதானித்தார். செனெக்காச் சிறுவன் தன் தாயை எச்சொல்லால் அழைக்கிறானோ அதே சொல்லால் தாயின் சகோதரியையும் அழைத்தான். தந்தையின் சகோதரனும் அவனுக்குத் தந்தையே. அவர்களுடைய பிள்ளைகள் அனைவரும் அவனுக்கு உடன்பிறந்தோர். ஆனால் தாயின் சகோதரனை மட்டும் 'ஹொக்னோசே' என்று வேறாக அழைத்தான். தந்தையின் சகோதரிக்கும் வேறு பெயர். அவர்களின் பிள்ளைகள் உடன்பிறந்தோர் அல்லர், அவர்களுக்குத் தனிச்சொல்.

இதைக் கேட்கும் தமிழ் நேயர்களுக்கு இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். மோர்கனுக்கு அது பெரும் புதுமையாக இருந்தது. ஒருவருக்குப் பல தாய்மார் எப்படி இருக்க முடியும்? முதலில் அவர் இது இரொக்குவா மக்களின் தனித்த கண்டுபிடிப்பு என்றே எண்ணினார். 1858 இல் சுப்பீரியர் ஏரிக் கரையில் வாழும், முற்றிலும் வேறு மொழி பேசும் ஒஜிப்வா மக்களிடமும் இதே ஒழுங்கைக் கண்டதும் திகைத்தார். மொழி வேறு, முறை ஒன்று. அப்படியானால் இது எங்கெல்லாம் பரவியிருக்கிறது?

இருநூறுக்கும் மேற்பட்ட வினாக்களைக் கொண்ட ஒரு வினாக்கொத்தை அச்சிட்டார். "தந்தையின் சகோதரனுடைய மகனை நீங்கள் எப்படி அழைப்பீர்கள்?" என்ற பாங்கில் அமைந்த கேள்விகள் அவை. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆதரவோடு, அமெரிக்கக் கொன்சல்மார் மூலமும் மிசனரிமார் மூலமும் அவை உலகெங்கும் அனுப்பப்பட்டன. ஆதிக் குடிகளிடம் தாமே நேரிற் சென்று விசாரித்தார். 1862 இல் மிசூரி ஆற்றின் மேற்பகுதியில் இவ்வாறு பயணம் செய்துகொண்டிருந்த வேளையில், றொச்செஸ்டரில் அவருடைய இரண்டு புதல்விகளும் ஸ்கார்லட் காய்ச்சலால் அடுத்தடுத்து இறந்தனர். செய்தி அவரை எட்டியபோது எல்லாம் முடிந்திருந்தது. உலக மக்கள் மகளை என்னென்ன பெயர்களால் அழைக்கிறார்கள் என்று கேட்டு அலைந்தவர், தாம் மகளே என்று அழைக்க ஒருவருமின்றி வீடு திரும்பினார்.  ஆனால் நூலைக் கைவிடவில்லை. தமது சொத்தைப் பிற்காலத்தில் பெண்கல்விக்கென எழுதிவைத்தார் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

பண்டத்தரிப்பிலிருந்து ஒரு தொடர்பு

1859 இல் மோர்கனுக்குத் தமிழரின் உறவுமுறை பற்றிய தகவல் கிடைத்தது. அதனை அளித்தவர்கள் ஸ்கடர் என்னும் மிசனரிக் குடும்பத்தினர். இக்குடும்பத்தின் மூதாதையான வைத்தியர் ஜோன் ஸ்கடர், 1819 இன் இறுதியில் யாழ்ப்பாணத்துக்கு வந்து பண்டத்தரிப்பில் வைத்தியமும் சமயப்பணியும் செய்து, 1836 இல் சென்னைக்கு மாறியவர். அவருடைய பிள்ளைகள் பலர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்து, தமிழைக் குழந்தைப் பருவத்திலேயே காதாற் கேட்டு வளர்ந்தவர்கள். பின்னர் வட ஆர்க்காட்டுப் பகுதியில் பணியாற்றினர். அவர்களுள் ஒருவரான எசேக்கியேல் ஸ்கடர் மோர்கனின் வினாக்கொத்தைத் தமிழுக்காக நிரப்பிக் கொடுத்தார்.

வந்து சேர்ந்த விடைகளை மோர்கன் செனெக்காப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாயின் சகோதரி தாய்: பெரிய தாய், சின்னத் தாய். தந்தையின் சகோதரன் தகப்பன்: பெரிய தகப்பன், சிறிய தகப்பன். தாயின் சகோதரன் மாமன். ஓர் ஆணுக்குச் சகோதரனின் மகன் மகன். சகோதரியின் மகன் மருமகன். பூமியின் இரு கோடியிலும் ஒரே கோடு ஒரே இடத்தில் விழுந்திருந்தது. 1871 இல் ஸ்மித்சோனியன் வெளியிட்ட 'மனிதக் குடும்பத்தின் இரத்த உறவு, மண உறவு முறைமைகள்' என்ற பெருநூலிலும், 1877 இல் வெளியான 'பண்டைய சமூகம்' என்ற நூலிலும் செனெக்கா உறவுப் பெயர்களும் தமிழ் உறவுப் பெயர்களும் அடுத்தடுத்த நிரல்களில் அச்சாகியுள்ளன. உறவுமுறை ஆய்வு என்ற துறை பிறந்த இடத்திலேயே நமது மாமனும் மருமகனும் இடம்பெற்றுவிட்டார்கள் எனலாம்.

மோர்கனின் சொந்த வாழ்வில் ஒரு சுவையான செய்தி உண்டு. அவர் 1851 இல் மணந்த மேரி எலிசபெத் ஸ்டீல் அவருடைய தாய்வழி உறவினர். தாயும் ஸ்டீல் குடும்பத்தவர், மனைவியும் ஸ்டீல் குடும்பத்தவர். ஆங்கிலத்தில் அவர் வெறும் 'கசின்'. யாழ்ப்பாணத்து வழக்கில் சொன்னால் மச்சாளைக் கட்டியிருக்கிறார். தாம் ஆராய்ந்த தமிழர் தமது மணத்தை உரிய முறை என்று வாழ்த்தியிருப்பார்கள் என்பதை மோர்கன் முழுமையாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஏனெனில், அவர் தவறவிட்ட இடம் அதுவேதான்.

மோர்கன் தவறவிட்டது

முறை ஒன்றாக இருப்பதால் வேரும் ஒன்றாகவே இருக்க வேண்டும், ஆகவே அமெரிக்க ஆதிக் குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இது சான்று என்று மோர்கன் முடிவுகட்டினார். ஆசியாவிலிருந்து அவர்கள் வந்தார்கள் என்பதை இன்றைய அறிவியலும் ஏற்கிறது. ஆனால் அது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கதை. அதற்கு மாமன் என்ற சொல் சான்றாகாது.

மேலும், இரண்டு முறைகளும் ஒன்றேயல்ல. அப்பாவின் மச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அவர் மாமா. அவருடைய மகன் நமக்கு மச்சான். செனெக்காவினருக்கோ அவர் தந்தை நிலையில் உள்ளவர். அவர் மகன் உடன்பிறந்தவன். அண்மை உறவில் ஒன்றாகத் தோன்றும் இரு முறைகளும், சற்றுத் தூரம் சென்றதும் வெவ்வேறு பாதையிற் பிரிந்துவிடுகின்றன. 1964 இல் அமெரிக்க மொழியியலாளர் ஃபுளொயிட் லவுன்ஸ்பரி இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்.

ஏன் இந்த வேறுபாடு? மதுரைப் பகுதியில் பிறமலைக் கள்ளரிடையே வாழ்ந்து ஆய்ந்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், 1953 இல் இதற்குரிய திறவுகோலைத் தந்திருந்தார். தமிழில் மாமன் என்பவர் யார்? தாயின் சகோதரன். அவரே மனைவியின் தந்தை. தந்தையின் சகோதரியுடைய கணவரும் அவரே. மாமியும் அப்படித்தான். ஆகவே மாமன் என்ற சொல் இரத்தத்தைப் பற்றியது மட்டுமன்று. பெண் கொடுத்து எடுக்கும் உறவைப் பற்றியது. தந்தைக்கு மச்சானாக நின்றவர் மகனுக்கு மாமனாகிறார். சம்பந்தம் என்பது ஒரு தலைமுறையோடு முடிவதில்லை, அதுவும் சொத்தைப்போல் மரபுரிமையாக வருகிறது என்பதே துய்மோன் கண்ட உண்மை. செனெக்கா மொழியில் மாமனாருக்கு வேறு சொல் உண்டு. ஹொக்னோசே பெண் கொடுப்பவர் அல்லர். அங்கே பிள்ளை தாயின் குலத்துக்குரியது. குலத் தலைவனின் பதவி அவன் மகனுக்குச் செல்லாது. சகோதரனுக்கோ சகோதரியின் மகனுக்கோ செல்லும். அவர்களின் மாமன் பதவி கொடுப்பவர். நம்முடைய மாமன் பெண் கொடுப்பவர்.

யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் 'பெறாமகன்', 'பெறாமகள்' என்ற அருமையான சொற்கள் உண்டு. ஓர் ஆணுக்குத் தன் சகோதரனின் பிள்ளைகளும், ஒரு பெண்ணுக்குத் தன் சகோதரியின் பிள்ளைகளும் பெறாமக்கள். பெறவில்லை, ஆனாலும் மக்கள். 'பெறா' என்ற முன்னொட்டு இரத்தத்தைப் பற்றிய உண்மையைச் சொல்கிறது. 'மகன்' என்ற சொல் கடமையைப் பற்றிய உண்மையைச் சொல்கிறது. ஒருவருக்குப் பல தாய்மார் எப்படி இருக்க முடியும் என்ற மோர்கனின் திகைப்புக்கு இந்த ஒரு சொல்லே விடையாகும். பெற்றவள் யார் என்பது எவருக்கும் தெரியும். அம்மா என்று அழைக்கப்படுபவள் என்ன செய்யக் கடமைப்பட்டவள் என்பதையே அச்சொல் அறிவிக்கிறது.

தந்தையா, சகோதரனா?

உறவுச் சொல்லுக்கு இன்னொரு பணியும் உண்டு. அது மரியாதைச் சொல்லாகவும் நிற்கிறது. முன்பின் அறியாத ஒருவரையும் நாம் அண்ணை, அக்கா, ஐயா, அம்மா என்றே அழைக்கிறோம். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது நமக்குக் கூசுகிறது. வா, வாரும், வாங்கோ என்று வினைமுற்றிலேயே மூன்று படிகளை வைத்திருப்பவர்கள் நாம். ஆனால் உறவுச் சொல்லால் வரும் மரியாதை ஒருவரை ஓர் இடத்தில் இருத்தியும் விடுகிறது. தம்பி என்றால் அதில் அன்பும் இருக்கிறது; நீ எனக்குக் கீழ் என்பதும் இருக்கிறது. இரு வேறு சமூகங்கள் ஒன்றையொன்று உறவுச் சொல்லால் அழைக்கும்போது இது உயிர்ப்பிரச்சினையாகவே மாறிவிடுகிறது.

இரொக்குவாக் கூட்டமைப்பின் சபையில் உறவுச் சொற்களே அரசியற் சொற்கள். மோஹாக், ஒனொண்டாகா, செனெக்கா ஆகிய மூன்று தேசத்தாரும் மூத்த சகோதரர். ஒனைடா, கயூகா ஆகிய இரு தேசத்தாரும் இளைய சகோதரர். சபையில் யார் யாருக்கு எதிரே அமர்வது, ஒரு தலைவன் இறந்தால் எந்தப் பக்கத்தார் துக்கம் ஆற்றுவது என்பனவெல்லாம் இம்முறைப்படியே நடைபெற்றன. வெள்ளையர் வந்தபோது அவர்களுக்கும் ஒரு முறை வகுக்க வேண்டியிருந்தது. ஆங்கிலேயருடன் செய்துகொண்ட உறவில் இரு தரப்பாரும் சகோதரர். 1688 இல் அல்பனியில் ஆளுநர் எட்மண்ட் அன்ட்ரோஸ் அவர்களைப் 'பிள்ளைகளே' என்று விளித்தார். ஐந்து தேசத்தார் அதை ஏற்கவில்லை. பழைய உறவின்படி சகோதரர் என்றே அழைக்குமாறு கேட்டனர். விளி மாறினால் உரிமை மாறும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

கனடாப் பகுதியை ஆண்ட பிரெஞ்சுக்காரரிடம் நிலைமை வேறாக இருந்தது. 1636 முதல் 1648 வரை அங்கே ஆளுநராக இருந்தவர் மொன்மான்யி. அப்பெயரின் பொருள் பெரிய மலை என்பதறிந்து, ஆதிக் குடிகள் அதைத் தமது மொழியில் 'ஒனொந்தியோ' என்று பெயர்த்தனர். அவருக்குப் பின் வந்த எல்லா ஆளுநர்களும் ஒனொந்தியோ ஆனார்கள். பேரேரிகளைச் சூழ்ந்த பல இனத்தார் ஒனொந்தியோவைத் தந்தை என்று அழைத்தனர். பிரெஞ்சுக்காரர் மகிழ்ந்தனர். அவர்கள் நாட்டில் தந்தை என்றால் கட்டளையிடுபவர். பிள்ளை என்றால் கீழ்ப்படிபவன். ஆனால் அழைத்தவர்களின் மனத்தில் இருந்த தந்தை வேறு. அவர் கொடுப்பவர், காப்பவர், பிள்ளைகளின் சண்டையைத் தீர்த்து வைப்பவர். அதட்டி ஆள்பவர் அல்லர். ஒரே சொல்லை இரு தரப்பாரும் இரு பொருளில் கேட்டார்கள். பரிசில்களும் துப்பாக்கி மருந்தும் ஒழுங்காகக் கொடுக்கப்பட்ட வரையில் அந்த மயக்கமே இரு தரப்பையும் சேர்த்து வைத்திருந்தது. பிரெஞ்சுக்காரர் தோற்று ஆங்கிலேயர் அவ்விடத்துக்கு வந்ததும், தளபதி அமர்ஸ்ட் செலவைக் குறைப்பதாகக் கூறிப் பரிசில்களை வெட்டினார். கொடுக்காத தந்தை தந்தையல்லர். 1763 இல் மூண்ட பொன்டியாக் போருக்கான காரணங்களுள் இதுவும் ஒன்று.

இதன் மிகக் கசப்பான அத்தியாயம் நீதிமன்றத்திலே எழுதப்பட்டது. ஐக்கிய அமெரிக்கா உருவான பின் ஜனாதிபதியைப் 'பெருந்தந்தை' என்று அழைக்கும் வழக்கம் உடன்படிக்கைப் பேச்சுகளில் நிலைத்துவிட்டது. ஜோர்ஜியா மாநிலம் தமது நிலத்தையும் ஆட்சியையும் பறிக்க முற்பட்டபோது, செரோக்கி மக்கள் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 1831 இல் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் தீர்ப்பளித்தார். செரோக்கியர் அந்நிய அரசு அல்லர். ஐக்கிய அமெரிக்காவுடன் அவர்களுக்குள்ள உறவு, பாதுகாவலருக்கும் அவர் பொறுப்பிலுள்ள சிறாருக்கும் இடையிலான உறவை ஒத்தது. ஆகவே வழக்கை விசாரிக்க இந்நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றார். அதற்கு அவர் எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று, அம்மக்கள் ஜனாதிபதியைப் பெருந்தந்தை என்று அழைக்கிறார்கள் என்பது. மரியாதைக்காகச் சொன்ன சொல், சொன்னவர்களுக்கு எதிரான சாட்சியமாக ஏட்டில் ஏறியது. 1838 இல் செரோக்கியர் படையினரால் வெளியேற்றப்பட்டு மேற்குத் திசை நோக்கி நடத்தப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் வழியிலும் முகாம்களிலும் மாண்டனர்.

அதே 1838 இல்தான் செனெக்கா மக்களின் நிலங்களை விற்பதாக ஒரு மோசடி உடன்படிக்கையும் எழுதப்பட்டது. மோர்கன் வாஷிங்டனுக்கு மனுக்கொண்டு சென்றது இதனை எதிர்த்துத்தான். நிலத்தை விட்டகல மறுத்த டொனவாண்டா ஊரவர், பார்க்கரை முன்னிறுத்திப் பல்லாண்டு போராடி, 1857 இல் செய்த புதிய உடன்படிக்கையின் கீழ் ஏறத்தாழ 7,500 ஏக்கர் நிலத்தை மீட்டனர். அதையும் விலை கொடுத்தே வாங்கவேண்டியிருந்தது. சட்டம் படித்த பார்க்கருக்கு, அவர் பிரசையல்லர் என்ற காரணத்தால், சட்டத்தரணியாகும் வாய்ப்பு மறுக்கப்பட்டிருந்தது. அதே பார்க்கர்தான் 1865 இல் அப்பொமற்றொக்ஸில் தென்மாநிலப் படை சரணடைந்த வேளையில், தளபதி கிராண்டின் செயலாளராகச் சரணடைவு நிபந்தனைகளைத் தமது கைப்பட எழுதியவர்.

நமது தீவின் முறை

இந்தக் கதையை இத்தனை விரிவாகச் சொன்னதற்கு நமது நாட்டோடு சேர்ந்த ஒரு காரணமும் உண்டு. சிங்களம் இந்தோ ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்து வட இந்திய மொழிகளைப் பேசும் இந்துக்களிடையே மாமன் மகளும் சகோதரிதான். அவளை மணப்பதை அவர்கள் நினைத்தும் பார்க்கமாட்டார்கள். சிங்களவருக்கோ தாயின் சகோதரன் 'மாமா'. தந்தையின் சகோதரி 'நெந்தா', மாமியாரும் நெந்தா. தாயின் மூத்த சகோதரி 'லொக்கு அம்மா', இளையவள் 'புஞ்சி அம்மா'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பெரியம்மா, சின்னம்மா. மாமன் மகன் 'மஸ்ஸினா'. மச்சினன் என்ற நமது சொல்லை அருகில் வைத்துப் பார்க்க நேயர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மொழி வடக்கைச் சேர்ந்தது. முறை நம்மோடு சேர்ந்தது. எட்மண்ட் லீச், நூர் யல்மன் போன்ற மானிடவியலாளர் சிங்களக் கிராமங்களில் ஆய்ந்து எழுதியவற்றைப் படிக்கும் தமிழ் வாசகருக்குத் தம் வீட்டுத் திண்ணையில் இருப்பது போன்ற உணர்வே ஏற்படும்.

முஸ்லிம்களிடமும் இதனைக் காணலாம். அரபு நாடுகளில் தந்தையின் சகோதரன் மகளை மணப்பது விரும்பப்படும் வழக்கம். மனைவியின் தந்தையைத் தந்தையின் சகோதரன் என்ற பொருள்படும் 'அம்மு' என்ற சொல்லால் அழைப்பதும் அங்குண்டு. சமயம் அதற்கு இடமளித்தபோதும், நமது முஸ்லிம்கள் வாப்பாவின் சகோதரனுடைய மகளைச் சகோதரியாகவே கருதி, மாமா மாமி பிள்ளைகளையே மச்சான், மச்சி என்று முறை கொண்டாடி வந்திருக்கிறார்கள். கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிகளாக இயங்குவதும், மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் வண்ணக்கர் பதவி அக்குடி மரபில் செல்வதும், செனெக்காவினரின் மாமனை நமக்கு நினைவூட்டுவன.

1983 இலும் அதன் பின்னர் 2009 வரை நீடித்த போரின்போதும் இந்த மூன்று சமூகத்தாரும் ஒருவரையொருவர் அழைத்த பெயர்களை நாம் அறிவோம். ஒரே முறையை வைத்துக்கொண்டு, ஒருவர்க்கொருவர் முறையில்லாதவர்களாகிப் போனோம். உறவுச் சொற்கள் ஒன்றாயிருப்பது மட்டும் எவரையும் காப்பாற்றாது என்பதற்கு நமது வரலாறே போதிய சான்று. சந்தையிலும் பஸ்ஸிலும் மல்லி என்றும் தம்பி என்றும் எளிதாக அழைத்துவிடுகிறோம். அதிலே அன்பிருக்கிறது. ஆனால் மூத்த சகோதரன் என்ற இடத்தைத் தமக்கென எடுத்துக்கொள்பவர்கள், அந்த இடத்துக்குரிய கடமையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்களா என்பதே கேள்வி. ஒனொந்தியோவிடம் பேரேரி மக்கள் கேட்டதும் அதுவேதான்.

இன்று புலம்பெயர்ந்த நாடுகளில் மட்டுமன்றி, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கூட அங்கிளும் அன்ரியும் பெருகிவிட்டார்கள். இதனால் மொழி அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. உரோமரின் பத்ருவுஸ் ஆங்கிலத்தை எட்டாமலே போய்விட்டான்; அதனால் ஆங்கிலேயரின் பாசம் குன்றிவிடவில்லை. சொல் மறைவது அதன் பின்னாலிருந்த கடமை மறைந்ததற்கு அடையாளமாக இருக்கலாம். கடமை வேறு சொல்லுக்குக் குடிபெயர்ந்ததாகவும் இருக்கலாம். போரிலே பெற்றோரை இழந்த பிள்ளைகளை எத்தனையோ சித்தப்பாமாரும் சின்னம்மாமாரும் தமது பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்து ஆளாக்கியிருக்கிறார்கள். அப்பிள்ளைகளுள் சிலர் இன்று தொலைபேசியில் அவர்களை அங்கிள், அன்ரி என்று அழைக்கவும் கூடும். அதற்காக யாரும் மனம் வருந்தவேண்டியதில்லை. பெறாமகன் என்ற சொல் சொல்ல வந்ததை அவர்கள் செய்து காட்டிவிட்டார்கள்.